அந்த மெட்டு யாருடையது? பாண்ட் படங்களுக்கு இசையமைப்பாளர் தேடிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு கேள்வி. ஜேம்ஸ் பாண்ட் படம் பார்த்திராதவர்களுக்குக்கூட அந்த மெட்டு தெரியும். கிடாரில் 'டுண் டுடுடுண் டுண்' என்று வருமே, கல்யாண வீட்டு பேண்டுக்காரர்கள் முதல் செல்போன் ரிங்டோன் வரை வாசித்துத் தேய்த்துவிட்ட மெட்டு. அதைப் போட்டது யார்?

இசை விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஜான் பாரி என்பார்கள். படத்தின் டைட்டில் கார்டோ மான்டி நார்மன் என்கிறது. 1962இல் 'டாக்டர் நோ'வில் தொடங்கி 2021இல் 'நோ டைம் டு டை' வரை ஒரே நிறுவனம் எடுத்த 25 பாண்ட் படங்கள். ஒவ்வொன்றுக்கும் இசையமைப்பாளரைப் பிடித்த விதத்தைப் பார்த்தால், நல்ல காது இருப்பவர் யார் என்று தேடி எடுத்த முடிவு குறைவு. பழக்கம், அவசரம், வருமான வரி, நோய், விசுவாசம், கோபம் இவைதான் அதிகம். முப்பது வருஷம் வரலாறு நடத்தியவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மன்னர்களுக்கு மந்திரிகள் அமைந்ததும் இப்படித்தான்.

1961க்குப் போவோம். ஹாரி சால்ட்ஸ்மன், ஆல்பர்ட் ப்ரோக்கோலி என்று இரண்டு தயாரிப்பாளர்கள். ப்ரோக்கோலியை எல்லோரும் 'கப்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். இயன் ஃப்ளெமிங்கின் நாவல்களைப் படமாக்கும் உரிமை இவர்கள் கைக்கு வந்துவிட்டது. முதல் படம் ஜமைக்காவில் நடக்கும் கதை. இசைக்கு யார்?

லண்டன் மேடை இசை நாடகங்களுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் மான்டி நார்மன். முன்பு பெரிய இசைக்குழுக்களில் பாடியவர். அவருடைய 'பெல்' என்ற நாடகத்தில் ப்ரோக்கோலி பணம் போட்டிருந்தார். நாடகம் ஓடவில்லை, அறிமுகம் மட்டும் மிச்சமிருந்தது. அந்த அறிமுகத்தில்தான் நார்மனைக் கூப்பிட்டார்கள். அவருக்கு முதலில் தயக்கம், கையில் வேறு வேலைகள் இருந்தன. அப்போது சால்ட்ஸ்மன் ஒரு ஆசையைக் காட்டினார்: மனைவியையும் அழைத்துக்கொண்டு ஜமைக்கா வாருங்கள், செலவு எங்களுடையது. அந்த ஓசிப் பயணம்தான் தன்னைச் சம்மதிக்க வைத்தது என்று நார்மனே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

ஜமைக்கா போய் அவர் சும்மா இருக்கவில்லை. அந்தத் தீவின் கலிப்ஸோ தாளத்தில் பாட்டுகள் போட்டார். கடலிலிருந்து உர்சுலா ஆண்ட்ரஸ் மாம்பழ மரத்தைப் பற்றிப் பாடிக்கொண்டு வருவாரே, அந்தப் பாட்டு இவருடையது. படத்தில் உர்சுலாவுக்குப் பாடும் குரல் கொடுத்தவர் நார்மனின் மனைவி டயானா கூப்லண்ட். ஆக, ஜமைக்கா டிக்கெட் வீண்போகவில்லை.

சிக்கல் வந்தது டைட்டில் இசையில். நார்மன் ஒரு மெட்டைக் கொடுத்தார். தயாரிப்பாளர்களுக்கு அதில் ஏதோ போதவில்லை. படம் வெளிவரும் நாள் நெருங்குகிறது. யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தின் இசைப் பிரிவிலிருந்து ஜான் பாரி என்ற இளைஞருக்குப் போன் போனது. வயது 28. யார்க் நகரத்துக்காரர். அப்பாவுக்குச் சொந்தமாக சினிமா தியேட்டர்கள் இருந்ததால் படம் பார்த்தே வளர்ந்த பிள்ளை. டிரம்பெட் வாசிப்பார். 'ஜான் பாரி செவன்' என்று சொந்தக் குழு. ஆடம் ஃபெய்த் என்ற பாடகருக்கு அவர் செய்த இசைக் கோர்ப்பு 1959இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்திருந்தது.

இருக்கிற மெட்டை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிஷ டைட்டில் இசையாகச் செய்து கொடு என்பதுதான் பாரிக்குச் சொன்ன வேலை. நம் சினிமாவில் அரேஞ்சர் என்பார்களே, அது. சம்பளம் மொத்தமாக 250 பவுண்டு சொச்சம். ராயல்டி கிடையாது. டைட்டில் கார்டில் இசையமைப்பாளர் என்று பெயரும் வராது. படத்தைக்கூட அவருக்குப் போட்டுக் காட்டவில்லை.

1962 ஜூன் மாதம் லண்டனில் ஒலிப்பதிவு நடந்தது. கிடார் வாசித்தவர் விக் ஃப்ளிக், பாரியின் குழுவைச் சேர்ந்தவர். மேல் தந்திகளில் வாசிக்க வேண்டியதைக் கீழ்த் தந்திக்கு இறக்கி, பிக்கை அழுத்தி வாசித்தார். அந்த உறுமல் அப்படி வந்தது. பிறகு பித்தளைக் கருவிகள் கத்துகின்றன, நடுவில் ஜாஸ் துள்ளல் வருகிறது. விக் ஃப்ளிக்குக்குக் கிடைத்தது அன்றைய நாள் கூலி மட்டும்தான்.

அக்டோபரில் படம் வெளியானது. பாரி டிக்கெட் எடுத்து உட்கார்ந்து பார்க்கிறார். தான் செய்து கொடுத்த இசை டைட்டிலோடு நிற்கவில்லை, படம் முழுக்க ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். பாண்ட் நடந்து வந்தால், கார் ஓட்டினால், ஹோட்டல் அறையைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் அதே இசை. இதை அவர் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். கோபப்பட்டு கேட்டபோது, அடுத்த படம் வந்தால் உன்னைக் கவனிக்கிறோம் என்ற மாதிரி பதில் வந்ததாம்.

இப்போது மெட்டின் பூர்வீகத்துக்கு வருகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நார்மன் அந்த மெட்டைப் புதிதாகப் போடவில்லை. தன் அலமாரியிலிருந்து எடுத்தார். வி.எஸ். நைபால் 1961இல் வெளியிட்ட 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை உங்களில் சிலராவது படித்திருப்பீர்கள். கரும்புத் தோட்ட வேலைக்காக டிரினிடாட் தீவுக்குப் போன இந்தியர்களின் வம்சத்தில் பிறந்த ஒருவரின் கதை. அதை மேடை நாடகமாக்கும் முயற்சி ஒன்று நடந்தது. நாடகம் அரங்கேறவில்லை. ஆனால் நார்மன் அதற்காகப் பாட்டு எழுதி வைத்திருந்தார். ஒன்றின் பெயர் 'பேட் சைன், குட் சைன்', கெட்ட சகுனம் நல்ல சகுனம். நாவலில் பிஸ்வாஸ் பிறந்ததும் புரோகிதர் வந்து, இந்தப் பிள்ளைக்குத் தும்மல் வரும், அது அபசகுனம் என்பார். அந்தத் தும்மலைப் பற்றிய பாட்டு அது. நம் வீடுகளில் வெளியே கிளம்பும்போது யாராவது தும்மினால் பாட்டி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பாரே, அதே தும்மல்தான்.

சிதார் ஒலியை மனதில் வைத்து எழுதிய அந்தப் பாட்டின் சுரங்களைப் பிரித்து, வேகப்படுத்தி, எலெக்ட்ரிக் கிடாருக்கு மாற்றினால் பாண்ட் வந்துவிடுகிறார் என்று நார்மன் சொன்னார். பின்னாளில் அந்தப் பழைய பாட்டைத் தானே பாடி வெளியிட்டும் இருக்கிறார். கேட்டுப் பாருங்கள், சந்தேகமே வராது. பிரிட்டிஷ் ராணியின் உளவாளிக்கு அடையாளமான மெட்டு, டிரினிடாட் இந்தியர் ஒருவரின் தும்மலிலிருந்து பிறந்தது.

இதற்கு ஒரு ஒட்டுக்கதையும் உண்டு. 1983இல் வந்த 'ஆக்டோபஸி' உதய்ப்பூரில் படமானது. நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டின் உதவியாளராக, தன் பெயரிலேயே, விஜய் ஆகவே வருகிறார். பாம்பாட்டி வேஷத்தில் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பார். பாண்ட் படகில் வந்து இறங்கியதும், நான்தான் உன் ஆள் என்று காட்ட மகுடியில் வாசிப்பது இதே மெட்டை. இயக்குநருக்குத் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, சிதாருக்குப் பிறந்த மெட்டு இருபத்தோரு வருஷம் கழித்து மகுடிக்கு வந்து சேர்ந்தது.

சரி, வழக்குக்கு வருவோம். பாரியின் புகழ் ஏற ஏற, அந்த மெட்டை உண்மையில் போட்டவர் அவர்தான், நார்மன் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டார் என்ற பேச்சும் ஏறியது. 1997இல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' அதை அச்சிலேயே எழுதியது. நார்மன் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். 2001 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணை. பாரி பத்திரிகையின் பக்கம் சாட்சி சொன்னார். 'பீஸ் நீஸ்' என்று தன் குழு 1958இல் வெளியிட்ட இசைத்தட்டிலேயே இந்தக் கிடார் பாணி இருந்தது என்பது அவர் தரப்பு. நார்மன் தரப்பு பிஸ்வாஸ் பாட்டை நீட்டியது. ஜூரிகள் முன்னால் மெட்டைத் துண்டு துண்டாக அலசினார்கள். தீர்ப்பு நார்மனுக்கு. 30,000 பவுண்டு நஷ்டஈடு.

பணம் பெரிய விஷயம் இல்லை. 1976 முதல் 1999 வரை மட்டும் அந்த மெட்டுக்காக அவருக்கு வந்த ராயல்டி சுமார் 4,85,000 பவுண்டு. நாற்பது வருஷமாகத் தன்னைப் பொய்யன் என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்த ஊரிடம் இல்லை என்று சொல்ல வைக்கத்தான் 72 வயதில் அந்த மனிதர் கோர்ட் படியேறினார் என்று எனக்குப் படுகிறது.

என் கருத்தைக் கேட்டால், நீதிமன்றம் சரியாகச் சொன்னது. அதே சமயம் பாரிக்கு நடந்தது நியாயமும் இல்லை. கிடாரின் முதல் வரி நார்மனுடையது. அதற்கு மேலே ஏறும் பித்தளை வாத்தியங்களின் அட்டகாசம், நடுவில் வரும் அந்த ஜாஸ் பகுதி, ஒலியின் உடம்பு எல்லாம் பாரி. வெறும் முதல் வரியை வைத்து அந்தப் படம் இப்படி நின்றிருக்காது. நம் பழைய படங்களின் டைட்டிலில் 'இசை' என்று ஒரு பெயர் பெரிதாகவும், 'இசை உதவி' என்று சில பெயர்கள் பொடியாகவும் வரும். அந்தப் பொடி எழுத்துக்குள் எவ்வளவு வேலை ஒளிந்திருக்கும் என்று யோசித்தால் பாரியின் ஆற்றாமை புரியும். வகுப்பில் நான் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு காரணம் எழுதினால் பாதி மதிப்பெண்தான் போடுவேன், ஞாபகம் இருக்கிறதா? கோர்ட்டுக்கு அந்த வசதி இல்லை. ஆம் அல்லது இல்லை என்றுதான் சொல்ல முடியும்.

இரண்டாவது படம் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்', 1963. சொன்னபடி பாரியைக் கூப்பிட்டார்கள். அதிலும் முழு நம்பிக்கை இல்லை. டைட்டில் பாட்டை மட்டும் அப்போது 'ஆலிவர்' நாடகத்தால் புகழில் இருந்த லயனல் பார்ட்டிடம் கொடுத்தார்கள். பெரிய பெயர் ஒன்று போஸ்டரில் வேண்டுமே.

மூன்றாவது 'கோல்ட்ஃபிங்கர்', 1964. பாட்டு, பின்னணி இசை இரண்டும் பாரிக்குக் கிடைத்தது. ஷெர்லி பாஸி பாடினார். அந்தப் பாட்டைக் கேட்ட சால்ட்ஸ்மனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. தூக்கி எறியச் சொன்னாராம். மாற்ற நேரம் இல்லாததால் பிழைத்தது. படத்தின் இசைத்தட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது, அதுவும் பீட்டில்ஸ் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில். இன்றைக்கும் பாண்ட் பாட்டு என்றால் இலக்கணம் அதுதான்.

சால்ட்ஸ்மனின் காதைப் பற்றி இன்னொரு கதை. 1973இல் 'லிவ் அண்ட் லெட் டை' படத்துக்குப் பாரி இல்லை. பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் இசை போனது. பாஸி பாடிய 'கோல்ட்ஃபிங்கர்' ஒலிப்பதிவைத் தயாரித்தவரும் அவர்தான் என்பதால் வீட்டு ஆள் மாதிரி. பால் மெக்கார்ட்னி எழுதிப் பாடிய டைட்டில் பாட்டை எடுத்துக்கொண்டு போய் மார்ட்டின் போட்டுக் காட்டினார். கேட்டுவிட்டு சால்ட்ஸ்மன், நன்றாக இருக்கிறது, இதை யாரை வைத்துப் பாட வைக்கலாம் என்று கேட்டாராம். மாதிரிப் பதிவு என்று நினைத்துவிட்டார்! மெக்கார்ட்னியே பாடியது, இதுதான் இறுதி என்று மார்ட்டின் பொறுமையாக விளக்க வேண்டியதாயிற்று. ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் பாண்ட் பாட்டு அதுதான். இரண்டு வருஷத்தில் கடன் தொல்லையால் சால்ட்ஸ்மன் தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார். பிறகு கப்பி ப்ரோக்கோலியின் குடும்பம்தான் எல்லாம்.

அடுத்த சில மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1977இல் மார்வின் ஹாம்லிஷ் வந்தார். காரணம், அப்போது பாரிக்கு பிரிட்டனில் வருமான வரிச் சிக்கல், அங்கே வந்து வேலை செய்ய முடியாத நிலை. ஹாம்லிஷ் டிஸ்கோ தாளத்தைப் போட்டார். பாட்டு அருமை, பின்னணி இசை அந்த வருஷத்தோடு பழசாகிவிட்டது. 1979இல் 'மூன்ரேக்கர்' தயாரிப்பு பிரான்சுக்கு நகர்ந்தது, பாரி பாரிஸில் ஒலிப்பதிவு செய்தார். 1981இல் மறுபடி அவரால் முடியவில்லை. 'ராக்கி' புகழ் பில் கான்ட்டியைப் பாரியே சிபாரிசு செய்தார்.

1983ஆம் வருஷம் மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டியது. அந்த வருஷம் இரண்டு பாண்ட் படங்கள். ஒன்று ப்ரோக்கோலியின் 'ஆக்டோபஸி', ரோஜர் மூர் நடித்தது. இன்னொன்று வேறு தயாரிப்பாளர்கள் எடுத்த 'நெவர் சே நெவர் அகெய்ன்'. 'தண்டர்பால்' கதையின் உரிமை கெவின் மெக்லோரி என்பவரிடம் தனியாக இருந்ததால் அப்படி ஒரு படம் சாத்தியமானது. அவர்களிடம் இருந்த துருப்புச் சீட்டு சாதாரணமானதல்ல. அசல் பாண்ட் ஷான் கானரியே நடித்தார். ஆனால் அந்த மெட்டைப் பயன்படுத்தச் சட்டப்படி உரிமை இல்லை. குறைந்தபட்சம் ஜான் பாரியாவது வேண்டும் என்று அவரைக் கேட்டார்கள். பாரி மறுத்துவிட்டார். கப்பிக்குத் துரோகம் செய்ய மாட்டேன் என்பதுதான் காரணம். 1962இல் 250 பவுண்டு கொடுத்து அனுப்பிய அதே கம்பெனிதான். ஆனால் பிறகு இருபது வருஷம் சோறு போட்டதும் அதே கம்பெனி.

அவர்கள் மிஷேல் லெக்ராண்டை வைத்தார்கள். பெரிய மேதை, ஆனால் அந்தப் படத்தின் இசை இதமான ஹோட்டல் சங்கீதம் மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் 'ஆக்டோபஸி'யில் பாரி அந்த மெட்டை வேண்டுமென்றே அள்ளித் தெளித்தார். நான் இரண்டையும் பார்த்தவன். கானரி திரையில் வருகிறார், அவர் நடையும் சிரிப்பும் அதேதான், ஆனாலும் ஏதோ ஒரு சொந்தக்காரர் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. வசூலிலும் 'ஆக்டோபஸி'தான் முந்தியது. முகம் இருந்து மெட்டு இல்லாத பாண்ட், மெட்டு இருந்து முகம் மாறிய பாண்ட் என்று ஒரே வருஷத்தில் சோதனைச்சாலை மாதிரி நடந்துவிட்டது. அதற்குப் பிறகு மெட்டின் மதிப்பு யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

பாரிக்குக் கடைசி 1987இல் வந்த 'தி லிவிங் டேலைட்ஸ்'. டைட்டில் பாட்டுக்கு நார்வே நாட்டின் 'ஆ-ஹா' குழுவோடு அவரைச் சேர்த்தார்கள். பாட்டுக் குழுவின் புகழ் படத்துக்கு வேண்டும் என்ற கணக்கு. முந்தைய படத்தில் டுரான் டுரான் குழுவோடு சேர்ந்து செய்த பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தது, அந்த ருசி. ஆனால் ஆ-ஹாவோடு பாரிக்கு ஒத்துப்போகவே இல்லை, கசந்துபோனார். படத்தின் முடிவில் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துபவராக ஒரு நிமிஷம் திரையில் தோன்றுவார். அதுவே விடைபெறலாக ஆகிவிட்டது. மொத்தம் 11 படங்கள். 1988இல் உணவுக்குழாயில் கடுமையான பாதிப்பு வந்து உயிருக்குப் போராடினார். அடுத்த படம் மைக்கேல் காமனுக்குப் போனது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாரி ஐந்து ஆஸ்கர் வாங்கியவர். 'பார்ன் ஃப்ரீ' படத்துக்கு இரண்டு, 'தி லயன் இன் வின்டர்', 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா', 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. பாண்ட் படங்களுக்காக ஒரு பரிந்துரைகூடக் கிடையாது. 'கோல்ட்ஃபிங்கர்' பாட்டுக்கும் கிடையாது.

சட்டச் சிக்கல்களால் ஆறு வருஷம் படமே வராமல், 1995இல் 'கோல்டன்ஐ' வந்தது. பாரியைக் கேட்டார்கள், மறுத்தார். புது பாண்ட், புது காலம், இசையும் புதிதாக இருக்கட்டும் என்று பிரெஞ்சுக்காரர் எரிக் செர்ராவைப் பிடித்தார்கள். 'லியோன்' படத்துக்கு இசையமைத்தவர். உலோகத்தைத் தட்டுகிற மாதிரி மின்னணு ஒலிகள் போட்டார். எனக்கு அதில் சில இடங்கள் பிடிக்கும், குளிர்ந்துபோன ரஷ்யாவுக்குப் பொருந்தியது. ஆனால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் பாண்ட் ராணுவ டாங்கியை ஓட்டிக்கொண்டு போகும் காட்சிக்கு அவர் கொடுத்த இசையைத் தயாரிப்பாளர்கள் ஏற்கவில்லை. ஜான் ஆல்ட்மன் என்பவரைக் கூப்பிட்டு, பழைய மெட்டை முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்க வைத்து ஒட்டினார்கள். 1962இல் நார்மனுக்கு நடந்தது இங்கே செர்ராவுக்கு நடந்தது. ஒருவர் செய்ததன் மேல் இன்னொருவரின் கை.

இனி வருபவர்தான் இந்தக் கதையில் முறையாகத் தேர்வெழுதி வந்தவர் என்று நான் சொல்வேன். டேவிட் ஆர்னால்ட், லண்டனுக்குப் பக்கத்திலுள்ள லூட்டன் ஊர்க்காரர். சின்ன வயதிலிருந்தே பாரியின் இசையில் பித்து. 'இண்டிபெண்டன்ஸ் டே' படத்தால் பெயர் கிடைத்த பிறகு யாரும் கேட்காமலே ஒரு வேலை செய்தார். பழைய பாண்ட் பாட்டுகளை எல்லாம் அன்றைய பாடகர்களை வைத்துப் புதிதாகப் பதிவு செய்து 'ஷேக்கன் அண்ட் ஸ்டர்ட்' என்று ஆல்பமாகக் கொண்டுவந்தார். அது பாரியின் காதுக்குப் போனது. அவருக்குப் பிடித்துவிட்டது. கப்பி 1996இல் காலமாகி, மகள் பார்பராவும், கப்பியின் மனைவியின் முதல் மணத்து மகன் மைக்கேல் வில்சனும் பொறுப்பில் இருந்த நேரம். பாரி பார்பராவிடம் நேராகச் சொன்னார்: இந்தப் பையனைப் பாருங்கள்.

1997 'டுமாரோ நெவர் டைஸ்' தொடங்கி 2008 வரை ஐந்து படங்கள் ஆர்னால்டுக்கு. அவருக்கும் அடி விழாமல் இல்லை. முதல் படத்துக்கு அவர் சேர்ந்து எழுதி கே.டி. லாங் பாடிய பாட்டை டைட்டிலிலிருந்து எடுத்துக் கடைசிக்குத் தள்ளிவிட்டு ஷெரில் க்ரோவின் பாட்டைப் போட்டார்கள். ஆனால் பின்னணி இசை முழுவதையும் ஆர்னால்ட் தன் பாட்டின் மெட்டில் கட்டியிருந்தார், அதை யாராலும் உருவ முடியவில்லை. அவருடைய உச்சம் 2006 'கசினோ ராயல்'. டேனியல் கிரெய்க் இன்னும் முழு பாண்டாக ஆகவில்லை என்பது கதை. அதனால் படம் முழுக்க அந்த மெட்டைத் துணுக்குத் துணுக்காக மட்டும் காட்டி அடக்கி வைத்தார். கடைசிக் காட்சியில் கிரெய்க் தன் பெயரைச் சொன்னதும் முழு மெட்டு வெடிக்கிறது. இரண்டே கால் மணி நேரம் ஒரு மெட்டைக் கைக்குள் மூடி வைத்திருக்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

2012இல் அதிகாரம் இடம் மாறுகிறது. அதுவரை இசையமைப்பாளரைத் தீர்மானித்தது தயாரிப்பாளர் குடும்பம். 'ஸ்கைஃபால்' படத்துக்கு வந்த சாம் மென்டிஸ் ஆஸ்கர் வாங்கிய இயக்குநர், 'அமெரிக்கன் பியூட்டி' காலத்திலிருந்து தாமஸ் நியூமனோடு வேலை செய்பவர். நியூமனையே கூட்டி வந்தார். ஆர்னால்ட் அந்த வருஷம் லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழா இசைக்குப் பொறுப்பாக இருந்தார். அடெல் பாடிய பாட்டு, பாண்ட் பாட்டுகளில் முதல் ஆஸ்கரை வென்றது. ஆனால் டைட்டில் பாட்டும் பின்னணி இசையும் ஒரே கையிலிருந்து வரும் பழைய பாரி முறை அதோடு தளர்ந்தது. எனக்கு அது இழப்புதான்.

அடுத்தவர் கேரி ஃபுகுனாகா. அவரும் தன் ஆள் டான் ரோமரை அழைத்து வந்தார். படம் 2020 ஏப்ரலில் வரவேண்டும், 2019 கடைசியில் ரோமர் விலகினார். கருத்து வேறுபாடு என்றார்கள். மூன்று நான்கு மாதம்தான் பாக்கி. 2020 ஜனவரியில் ஹான்ஸ் ஸிம்மர் வந்தார். கொரோனா வந்து படம் 2021 செப்டம்பர் வரை தள்ளிப்போகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? 58 வருஷத்துக்கு முன்னால் அவசரத்தில் பாரிக்குப் போன அதே மாதிரிப் போன் ஸிம்மருக்கும் போயிருக்கிறது.

ஸிம்மர் செய்த நல்ல காரியம், 1969இல் 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்துக்குப் பாரி மெட்டமைத்து லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய காதல் பாட்டைத் திரும்ப எடுத்தது. படத்தின் ஆரம்பத்திலேயே அந்த மெட்டு மெல்ல வரும். முடிந்து பெயர்கள் ஓடும்போது ஆம்ஸ்ட்ராங்கின் குரலே வரும். பாரி 2011இல் மறைந்துவிட்டார். நார்மன் அந்தப் படம் வந்த மறு வருஷம், 2022 ஜூலையில், 94 வயதில் போனார். கோர்ட்டில் எதிரெதிராக நின்ற இருவரின் இசையும் அந்த ஒரு படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது.

2025இல் படைப்பு உரிமை அமேசான் கைக்குப் போய்விட்டது. டெனி வில்நெவ் இயக்குநராக அறிவிக்கப்பட்டார். 2017இல் 'பிளேடு ரன்னர் 2049' படத்துக்குத் தன் வழக்கமான இசையமைப்பாளர் யோஹான் யோஹான்சனை நடுவில் மாற்றிவிட்டு ஸிம்மரைக் கூப்பிட்டவர் அவர். எனவே இந்தக் கதைக்குப் பொருத்தமான ஆள்தான்.

வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட்டால் உங்களுக்கே சந்தேகம் வரும். நார்மனின் 'பேட் சைன், குட் சைன்' பாட்டைத் தேடிக் கேளுங்கள். உடனே 'டாக்டர் நோ' டைட்டில் இசையைக் கேளுங்கள். பிறகு யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று எனக்கு எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதக் கூடாது.